டிராட் ஜாஸ் கச்சேரிக்கு எத்தனை உருப்படி, எந்த வரிசையில்?

டிராட், அதாவது நியூ ஆர்லியன்ஸில் பிறந்த பழைய பாணி ஜாஸ், வாசிக்கும் ஆறு பேர் குழு ஒன்றில் உங்களுக்கு டிரம்பெட் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று மாதத்தில், இரவுக்கு மூன்று செட் என்ற கணக்கில் கச்சேரிகள் தொடங்குகின்றன. கைவசம் இருப்பது 12 பாட்டு, குழு கொடுத்த பட்டியலில் இருப்பது 150. எங்கே தொடங்குவது, எவ்வளவு போதும் என்பது கேள்வி.

40 போதும். பாட்டின் முழு வடிவம் ஒரு தடவை ஓடி முடிவதை ஜாஸில் கோரஸ் என்பார்கள். இங்கே அதைச் சுற்று என்றே வைத்துக்கொள்வோம். பார் என்ற தாளக் கட்டம் ஒன்றுக்கு நான்கு பீட், 32 பார், நிமிடத்துக்கு 200 பீட் வேகம் என்றால் ஒரு சுற்றுக்கு 38 விநாடி ஆகிறது. தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து இரண்டு சுற்று, நான்கு பேர் ஆளுக்கொரு சுற்று சோலோ, கடைசியில் மறுபடி சேர்ந்து இரண்டு சுற்று. மொத்தம் எட்டுச் சுற்று, ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அடுத்த பாட்டைச் சொல்லி, எண்ணித் தொடங்கும் நேரத்தையும் சேர்த்தால் 45 நிமிட செட்டில் எட்டுப் பாட்டு, மிஞ்சினால் ஒன்பது. மூன்று செட்டுக்கு 25 சொச்சம். பாடகர் வராத நாளுக்கு, முன்வரிசையிலிருந்து யாராவது கேட்பதற்கு, சரிவராது என்று கடைசி நிமிடத்தில் தள்ளிவிடுவதற்கு என்று 15 கையிருப்பு. மூன்று மாதம் என்பது 12 வாரம். இருக்கும் 12 உண்மையிலேயே தெரிந்தவை என்றால், இன்னும் 28 சேர்க்க வாரத்துக்கு இரண்டு மூன்று கற்றாலே போதும்.

அந்த "உண்மையிலேயே" என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மெட்டு விரலில் வந்துவிட்டால் பாட்டு தெரியும் என்று கணக்கில் சேர்த்துவிடுகிறோம். மேடையில் பாட்டு தெரிவது என்றால் தாளைப் பார்க்காமல் ஐந்து விஷயங்களைச் சொல்ல முடிய வேண்டும்: எந்த ஸ்கேல், எத்தனை பார், எப்படித் தொடங்குகிறது, எங்கே எல்லோரும் நிறுத்துகிறோம், எப்படி முடிகிறது. உங்கள் 12 பாட்டையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். நாலைந்து தேறாமல் போகலாம். தேறாதவற்றை முதலில் சரிசெய்வதே லாபம், ஏனென்றால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

இன்னொன்றும் முன்கூட்டியே தெரிய வேண்டும்: உங்கள் குழு எந்த டிராட். 1940களில் டிரம்பெட்காரர் பங்க் ஜான்சன், கிளாரினெட்காரர் ஜார்ஜ் லூயிஸ் வழியில் எழுந்த நியூ ஆர்லியன்ஸ் மறுமலர்ச்சிப் பாணியில் தேவாலயப் பாட்டுகளும் ஊர்வல மெட்டுகளும் அதிகம், வேகம் நிதானம், சோலோவைவிடக் கூட்டு வாசிப்புக்கே மதிப்பு. கிட்டார்காரர் எட்டி காண்டன் சுற்றுவட்டாரத்துச் சிகாகோ பாணியில் பிரபல மெட்டுகளின் 32 பார் பாட்டுகள் அதிகம், சோலோவும் அதிகம். சான் பிரான்சிஸ்கோவில் டிரம்பெட்காரர் லூ வாட்டர்ஸ் தொடங்கிவைத்த பாணி, 1920களின் முன்னோடிகளான கிங் ஆலிவர், ஜெல்லி ரோல் மார்ட்டன் இருவரின் பல பகுதி உருப்படிகளை அக்கறையாக எடுத்து வாசிக்கும். அதே 40 பாட்டு மூன்று இடத்திலும் மூன்று மாதிரி ஒலிக்கும். குழுவின் கடைசி இரண்டு கச்சேரிகளில் உண்மையில் என்ன வாசித்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 150 என்பது ஆசைப் பட்டியல். வாசித்த பட்டியல்தான் நிஜம்.

இனி கற்கும் வரிசை. தலைப்பு வாரியாகக் கற்றால் 40 பாட்டும் 40 சுமை. எலும்புக்கூடு வாரியாக, அதாவது பார் எண்ணிக்கையும் கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு) வரிசையும் பார்த்துக் கற்றால் ஆறேழு அச்சுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

முதல் அச்சு 12 பார் ப்ளூஸ். 'டின் ரூஃப் ப்ளூஸ்' பி ஃபிளாட்டில் மெதுவாக, 'டிப்பர்மவுத் ப்ளூஸ்' விரைவாக. இரண்டு கற்றால் வேகத்தின் இரு முனையும் கைக்கு வந்துவிடும். 'டிப்பர்மவுத்' வாசிக்கும் டிரம்பெட்காரர் 1923இல் கிங் ஆலிவர் வாசித்த மூன்று சுற்று சோலோவை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கேட்பவர்களுக்கு அது பாட்டின் அங்கமாகவே ஆகிவிட்டது. சொந்தச் சரக்கை அங்கே காட்டினால் ஏதோ குறைகிறது என்றுதான் தோன்றும். தலைப்பில் ப்ளூஸ் என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். 'பேசின் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' பாட்டில் சோலோ ஓடும் பகுதி 16 பார். 'ஜாஸ் மி ப்ளூஸ்' 12 பாருக்குள் அடங்காது. 1914இல் வெளியான 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' 12 பார், பிறகு மைனரில் ஹபனேரா என்ற கியூப நடையில் 16 பார், மறுபடி 12 பார் என்று போகும். நடுவில் உள்ள மைனர் பகுதிக்கு டிரம்ஸும் பாஸும் நடை மாற்ற வேண்டும். எத்தனை தடவைக்குப் பிறகு அங்கே போகிறோம் என்று பேசிக்கொள்ளாத குழுவில் பாதிப் பேர் மைனரிலும் பாதிப் பேர் மேஜரிலும் நிற்பார்கள்.

இரண்டாவது, 16 பார் தேவாலயப் பாட்டு. 'வென் த செயின்ட்ஸ்', 'ஜஸ்ட் எ க்ளோசர் வாக் வித் தீ' இரண்டும் இதில். கார்ட்கள் பெரும்பாலும் ஸ்கேலின் 1, 4, 5ஆம் சுரங்களின் மேல் அமைந்தவை மட்டுமே. சுலபம் என்று நினைத்து விட்டுவிடுவதால் மேடையில் இழுபறி. 'செயின்ட்ஸ்' பாட்டின் 11, 12ஆம் பார்களில் நான்காம் கார்ட் மேஜராகவே நிற்கிறதா, 12இல் மைனராக மாறுகிறதா என்பதை பியானோ, பாஞ்ஜோ, டூபா மூவரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். 'க்ளோசர் வாக்' நியூ ஆர்லியன்ஸ் இறுதி ஊர்வல வழக்கப்படி மெதுவாகத் தொடங்கிப் பிறகு இரட்டிப்பு வேகத்துக்குத் தாவும். அந்தத் தாவலைச் செய்வது டிரம்மர். அவர் உருட்டு அடியைத் தொடங்கும்வரை யாரும் முந்தக் கூடாது.

மூன்றாவது, அஞ்சாறு பார் ஒரே கார்டில் நின்று, பிறகு நீளமாக ஐந்தாம் கார்டில் இருந்து, இரண்டாம் பாதியில் நான்காம் கார்டுக்கு ஏறி இறங்கும் 32 பார் அச்சு. 1902இல் வெளியான 'பில் பெய்லி', 'போர்பன் ஸ்ட்ரீட் பரேட்', 'டைகர் ரேக்' பாட்டின் கடைசிப் பகுதி எல்லாம் ஏறக்குறைய இதே கட்டடம். ஒன்றைக் கற்றால் மூன்றுக்கும் சோலோ வாசிக்கலாம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது: சோலோக்கள் முடிந்து கடைசிச் சுற்றுக்கு வரும்போது மெட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தப்பிக்க ஒரே வழி வார்த்தைகள். பாடாவிட்டாலும் பாட்டின் வரிகளை மனத்துக்குள் ஓட விடுங்கள். வரி தெரிந்தவர் மெட்டைத் தொலைப்பதில்லை.

நான்காவது, செவென்த் கார்ட்கள் (ஏழாம் சுரமும் சேர்ந்தவை, எஃப்7 என்பதுபோல் எழுதுவார்கள்) ஐந்தைந்து சுரமாக இறங்கும் ரேக்டைம் (ஜாஸுக்கு முந்தைய பியானோ இசை) வட்டம். 1925இன் 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' இதற்குப் பாடப்புத்தகம் போன்றது. ஏ ஃபிளாட்டில் வாசித்தால் எஃப்7 நான்கு பார், பி ஃபிளாட்7 நான்கு பார், இ ஃபிளாட்7 நான்கு பார், அதன் பிறகுதான் ஏ ஃபிளாட் வீடு, அதாவது ஸ்கேலின் முதல் கார்ட். ஸ்கேலின் பெயரைக் கேட்டு ஏ ஃபிளாட் கார்டில் தொடங்குபவர் 12 பார் தவறான இடத்தில் நிற்பார். 'சார்ல்ஸ்டன்', 'ஆல் ஆஃப் மி' ஆகியவற்றில் முதல் கார்டிலிருந்து மூன்றாம் சுரத்து செவென்துக்கும், அங்கிருந்து ஆறாம் சுரத்து செவென்துக்கும் தாவுவதும் இதே வட்டத்தின் சற்று நீண்ட வடிவம்தான். 1918இன் 'ஆஃப்டர் யூ ஹேவ் கான்' வேறு விதமாக ஏமாற்றும். சி ஸ்கேல் என்றால் எஃப் கார்டில் தொடங்கும். அதோடு அதன் நீளம் 20 பார், வேகமாக எண்ணினால் 40. 32 என்று பழகிய கை எட்டு பார் முன்னதாகவே சுற்றை முடித்துவிடப் பார்க்கும்.

ஐந்தாவது, நடுவில் பாலம் (வேறு மெட்டில் வரும் மூன்றாவது எட்டு பார்) உள்ள எட்டெட்டான 32 பார். 'ஹனிசக்கிள் ரோஸ்', 'ஆன் த சன்னி சைட் ஆஃப் த ஸ்ட்ரீட்', 'எக்ஸாக்ட்லி லைக் யூ' மூன்றுக்கும் பாலம் ஒரே வகை: வீட்டுக் கார்டின் செவென்த், நான்கு, இரண்டாம் சுரத்து செவென்த், ஐந்து. சி ஸ்கேலில் சி7, எஃப், டி7, ஜி7, ஒவ்வொன்றும் இரண்டு பார். பின்னிரண்டும் 1930இல் ஒரே இருவர் எழுதியவை, பெரும்பாலும் இரண்டையுமே சி ஸ்கேலில் வாசிக்கிறார்கள். ஒரே செட்டில் இரண்டும் வந்தால் ஒன்றின் பாலத்தைத் தாண்டி மற்றதன் கடைசி எட்டில் இறங்குவது சர்வ சாதாரணம். ஒரே செட்டில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். மேடையில் மனம் வெறுமையாகும் இடமும் பாலத்தின் வாசல்தான். ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் 17ஆம் பாரின் முதல் சுரத்தையும் முதல் கார்டையும் தனியே நெட்டுருப் போடுங்கள்.

மைனர் பாட்டு இரண்டு மூன்று போதும். 'செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி' எட்டே பார், பெரும்பாலும் டி மைனர். எட்டு பார் சோலோ வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்பதால் ஆளுக்கு இரண்டு சுற்று என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசி அச்சுதான் உண்மையான டிராட், அதனாலேயே கடினம்: பல பகுதி உருப்படிகள். இவை ரேக்டைமிலிருந்தும் பாண்டு வாத்திய மார்ச்சிலிருந்தும் வந்தவை. முதல் பகுதி, இரண்டாம் பகுதி, ஒரு குட்டி இணைப்பு, வேறு ஸ்கேலில் டிரையோ என்னும் கடைசிப் பகுதி என்று அடுக்கு அடுக்காகப் போகும். கற்கும் வரிசை முக்கியம். முதலில் 'மஸ்க்ராட் ராம்பிள்', இரண்டே பகுதி, ஸ்கேல் மாறாது. பிறகு 'ராயல் கார்டன் ப்ளூஸ்': எல்லாப் பகுதியும் 12 பார்தான், எஃப்பில் இரண்டு பகுதி, நான்கு பார் இணைப்பு, பி ஃபிளாட்டில் மூன்றாம் பகுதி, சோலோக்கள் அதன் மேல். அதற்கடுத்து 'தட்ஸ் எ பிளென்டி': டி மைனரில் தொடங்கி பி ஃபிளாட்டில் போய்ச் சேரும். 'டைகர் ரேக்' கடைசியாக. பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று மூன்று ஸ்கேல். 'ஹை சொசைட்டி'யைத் தொடுவதற்கு முன் கிளாரினெட்காரரைக் கேளுங்கள். பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழலின் பகுதியிலிருந்து எடுத்து அல்ஃபோன்ஸ் பிக்கூ பிரபலமாக்கிய அந்தச் சோலோ அவர் கையில் இருந்தால்தான் அந்தப் பாட்டுக்கு அர்த்தம்.

இவற்றுக்கு ஒரு வழிவரைபடம் வேண்டும், கார்ட் தாள் போதாது. ஒரு அட்டையில் "முன்னுரை 4, முதல் பகுதி இரு முறை, இரண்டாவது ஒரு முறை, முதல் மறுபடி, இணைப்பு, டிரையோ இரு முறை, சோலோ டிரையோ மேல், இணைப்பு மறுபடி உண்டா இல்லையா, கடைசி டிரையோ" என்று எழுதிக்கொள்ளுங்கள். குழுவுக்குக் குழு இது மாறும், குறிப்பாக சோலோக்களுக்குப் பிறகு இணைப்பு திரும்ப வருகிறதா என்பது. வெவ்வேறு ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கற்ற ஆறு பேர் ஒத்திகை இல்லாமல் 'தட்ஸ் எ பிளென்டி' தொடங்கினால் அந்த இணைப்பில்தான் ரயில் தடம்புரளும். கடைசி நேரத்தில் ஆள் மாறிய இரவுகளில் 'மஸ்க்ராட்' தவிர இந்த அச்சையே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கார்ட் தாள்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கையில் கிடைக்கும் தொகுப்புகள் பல பிற்கால ஜாஸ் கண்ணாடி வழியாக எழுதப்பட்டவை. பி ஃபிளாட் ப்ளூஸின் ஒன்பதாம் பாரில் அவை சி மைனர்7 போடும். பழைய பாணி வாசிக்கும் பாஞ்ஜோகாரர் அங்கே சி7 அடிப்பார். சி மைனரில் இ ஃபிளாட், சி7இல் இ நேச்சுரல். அரைச் சுர இடைவெளியில் இரண்டும் உரசும். பியானோகாரர் வீட்டுக் கார்டில் மேஜர் செவென்த் சேர்த்தாலும் இதே கதை: மெட்டு வீட்டுச் சுரத்தில் நீண்டு நிற்கும்போது அதற்கு அரைச் சுரம் கீழே இன்னொன்று ஒலிக்கும். டிராடில் வீட்டுக்கு வெறும் மேஜர் கார்ட் அல்லது சிக்ஸ்த் (ஆறாம் சுரம் சேர்ந்தது) போதும். இரண்டாம் சுரத்தின் மேல் மைனரா செவென்தா என்ற சந்தேகம் வந்தால் செவென்த் பக்கமே சாயுங்கள். பத்தில் எட்டு தடவை அதுதான் சரி. டிரம்பெட்காரருக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். சோலோவில் நீங்கள் குறிவைக்கும் மூன்றாம் சுரமே இதில்தான் மாறுகிறது.

ஸ்கேல்கள்: டிராட் வீட்டு ஸ்கேல்கள் எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், கூடவே சி, ஜி. பி ஃபிளாட் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் எழுத்தில் ஒரு முழுச் சுரம் மேலே படிக்க வேண்டும்: குழு எஃப் என்றால் உங்களுக்கு ஜி, பி ஃபிளாட் என்றால் சி, ஏ ஃபிளாட் என்றால் பி ஃபிளாட். ஆல்ட்டோ சாக்ஸஃபோன் இருந்தால் அவருக்கு எஃப் என்பது டி. மேடையில் ஸ்கேலை எப்போதும் பியானோ கணக்கில்தான் சொல்வார்கள். ஆகவே கற்கும்போதே பாட்டை பியானோ ஸ்கேல் பெயரோடு மனத்தில் பதியுங்கள். பாடகர் வந்தால் ஸ்கேல் நகரும். ஆண் குரலுக்கு எஃப்பில் இருப்பது பெண் குரலுக்கு பி ஃபிளாட்டுக்கோ சிக்கோ போகக்கூடும். பாடும் பாட்டுகள் ஏழெட்டையாவது இரண்டு ஸ்கேலில் வாசித்துப் பழகுங்கள், எல்லாவற்றையும் 12 ஸ்கேலில் வாசிக்கும் தவம் இந்த வேலைக்குத் தேவையில்லை.

பழைய ஒலிப்பதிவைக் கேட்டு ஸ்கேலை முடிவு செய்யும்போது ஒரு பொறி உண்டு. 1920களின் இசைத்தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுழற்சி என்ற வேகத்தில் பதிவானவை அல்ல. மறுபதிப்பில் அரைச் சுரம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். காதுக்கு பி மேஜர் என்று கேட்டால் அது பி ஃபிளாட்டாகவோ சியாகவோ இருந்திருக்கும். ஊதுகருவிக் குழு எதுவும் வேண்டுமென்றே பி மேஜரைத் தேர்ந்தெடுத்திருக்காது. அதேபோல், 1923இன் கூம்பு ஒலிப்பதிவில் (மைக் இல்லாமல் கூம்பு வழியாகப் பதிந்தது) டிரம்ஸ் முழுதாகப் பதிவாகவில்லை. தாளப் பிரிவின் நடையை அங்கிருந்து கற்காமல் 1940களுக்குப் பிந்தைய பதிவுகளிலிருந்து எடுங்கள். மெட்டு, பகுதி வரிசை, பிரேக்குகள் (எல்லோரும் நிறுத்த ஒருவர் மட்டும் வாசிக்கும் இடங்கள்) ஆகியவற்றுக்குப் பழையவைதான் ஆதாரம்: ஆலிவரின் 1923 பதிவுகள், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு, மார்ட்டனின் 1926 ரெட் ஹாட் பெப்பர்ஸ் குழு.

ஒரு பாட்டை ஏற்றும் முறை. முதல் நாள் மூன்று பதிவுகளைக் கேளுங்கள், அதில் ஒன்றாவது பாடியதாக இருக்கட்டும். டிரம்பெட்டைத் தொடாமல் வாயால் மெட்டைப் பாடி, பார்களை விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டாம் நாள் கார்ட்களின் அடிச்சுரத்தை மட்டும், பாருக்கு ஒன்றாக, டிரம்பெட்டில் ஊதுங்கள். பிறகு அடிச்சுரத்துக்குப் பதில் மூன்றாம் சுரம். இது சலிப்பான வேலைதான், ஆனால் கார்ட் மாறும் இடம் உடம்பில் ஏறுவது இதில்தான். மூன்றாம் நாள் மெட்டை அலங்காரம் இல்லாமல் மூன்று வேகத்தில்: நீங்கள் நினைக்கும் வேகம், அதைவிட 20 பீட் குறைவு, 20 பீட் கூடுதல். நான்காம் நாள் தொடக்கமும் முடிவும் மட்டும், பத்துத் தடவை. பிறகு இரண்டு நாள் தொடாமல் விட்டு, ஏழாம் நாள் முன்னேற்பாடு இல்லாமல், தாள் இல்லாமல், மெட்ரோனோம் மட்டும் வைத்து ஒரு தடவை. நின்றால் கணக்கில் சேர்க்கலாம். பின்னணி இசையோடு மட்டும் பழகியவர்கள் இங்கே விழுவார்கள். அதில் சுற்றின் முடிவைப் பின்னணியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது, மேடையில் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் போடுங்கள். 3 என்றால் நானே தொடங்கி நடத்துவேன், 2 என்றால் வேறொருவர் நடத்தினால் கூட வருவேன், 1 என்றால் கேட்டுச் சமாளிப்பேன். டிரம்பெட்காரருக்கு இரண்டு போதாது. டிராடில் மெட்டைச் சுமப்பவர் நீங்கள்; கிளாரினெட் மேலே பின்னுவதும் டிராம்போன் கீழே ஒரு கார்டிலிருந்து அடுத்ததுக்கு இழுத்து இணைப்பதும் நீங்கள் விடும் இடைவெளியை நம்பித்தான். முதல் சுற்றில் மெட்டை நேராக வாசியுங்கள். நீண்ட சுரம் வரும் இடத்தில் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அந்த இடம் மற்ற இருவருடையது.

முடிவுகள் நான்கு வகை தெரிந்தால் போதும். நேராக முடிப்பது. கடைசி நான்கு பாரைத் திரும்ப வாசிப்பது, அல்லது கடைசி இரண்டை மூன்று தடவை. டிரம்மர் நான்கு பார் தனியாக அடிக்க, குழு கடைசி எட்டு பாரை மறுபடி வாசித்து முடிப்பது. விரைவான பாட்டுக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம். மெதுவான பாட்டில் கடைசிக்கு முந்தைய பாரில் எல்லோரும் நிறுத்த, ஒருவர் மட்டும் தனியே வாசித்துவிட்டு மற்றவர்களை உள்ளே அழைப்பது. எது என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் சைகை: தலையைத் தட்டினால் பாட்டின் ஆரம்பத்துக்கு, முஷ்டி உயர்ந்தால் இதுதான் கடைசிச் சுற்று. ஸ்கேலுக்கு விரல் கீழே காட்டினால் ஃபிளாட், மேலே காட்டினால் ஷார்ப். இரண்டு விரல் கீழே என்றால் பி ஃபிளாட். ஆனால் சைகை எல்லாக் குழுவிலும் ஒன்றல்ல. முதல் கச்சேரிக்கு முன் இரண்டு நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சைகையை அந்தச் சுற்று முடிய எட்டு பார் இருக்கும்போதே காட்ட வேண்டும். கடைசி பாரில் காட்டினால் பாதிப் பேர் அதைப் பார்ப்பதற்குள் அடுத்த சோலோ தொடங்கியிருக்கும்.

வேகம் தவறுவது எண்ணுவதற்கு முன்பே நடக்கிறது. பாட்டின் முதல் வரியை நினைத்து எண்ணினால் பெரும்பாலும் வேகம் கூடிப்போகும், ஏனென்றால் முதல் வரிகள் நீண்ட சுரங்களில் இருக்கும். சுரங்கள் நெருக்கமாக வரும் வரியை மனத்தில் பாடி, அதற்குப் பொருந்தும் வேகத்தில் எண்ணுங்கள்.

செட் அடுக்கும்போது அடுத்தடுத்து ஒரே ஸ்கேலும் ஒரே வேகமும் வராமல் பாருங்கள். எஃப்பில் நடுத்தர வேகத்தில் மூன்று பாட்டு தொடர்ந்தால் கேட்பவர் காரணம் தெரியாமலே பேச ஆரம்பித்துவிடுவார். முதல் பாட்டு எல்லோருக்கும் தண்ணீர்பட்ட பாடாக இருக்கட்டும். எஃப்பில் 'இந்தியானா' பல குழுக்களுக்கு அப்படித்தான். அரங்கின் ஒலியைப் பழகிக்கொள்ளும் நேரம் அது, சாகசத்துக்கு அல்ல. மூன்றில் ஒன்று பாடும் பாட்டு. பல பகுதி உருப்படி செட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதையும் இரண்டாவது செட்டுக்குப் பின்தள்ளுங்கள். உங்கள் உதடு மூன்று மணி நேரம் தாங்க வேண்டும். உச்சத்தில் வாசிக்கும் பாட்டுக்கு அடுத்து கிளாரினெட்டோ பியானோவோ முன்னால் நிற்கும் ஒன்றை வைத்து நான்கு நிமிடம் இறக்கிவையுங்கள். மெதுவான பாட்டில் சுற்றுக் கணக்கை மாற்றுங்கள். நிமிடத்துக்கு 72 பீட்டில் 32 பார் என்பது ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல். எட்டுச் சுற்று ஓடினால் 14 நிமிடம். ஒரு சுற்று மெட்டு, இருவர் அரைச் சுற்று சோலோ, பாலத்திலிருந்து மெட்டு, முடிந்தது.

பாடும் பாட்டுகளின் எல்லா வரிகளையும், அதிகம் பாடாத முன்வரிகளையும், ஒரு தடவை படித்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பாட்டுகள் சிலவற்றில் இன இழிவுச் சொற்கள் உண்டு. மைக் முன்னால் நிற்கும்போது கண்டுபிடிக்கிற விஷயமல்ல அது.

'செயின்ட்ஸ்' பாட்டை யாராவது கேட்டே தீருவார்கள். நியூ ஆர்லியன்ஸில் 1961இல் தொடங்கிய பிரிசர்வேஷன் ஹால் என்ற ஜாஸ் அரங்கில் விருப்பப் பாட்டுக் கட்டணப் பலகையில் மற்றவற்றைவிட 'செயின்ட்ஸ்'க்குத்தான் விலை அதிகம் எழுதியிருந்தார்கள். வாசிப்பவர்களின் அலுப்பு அந்த அளவுக்கு. முதல் செட்டில் கேட்டால் கடைசிக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு எந்தப் பாட்டை வைத்தாலும் எடுபடாது.